ஆளில்லாத் தீவில் டென்ட் போடலாமா? ரீல்ஸ் சொல்லாமல் விட்டது என்ன?

ஜலகண்டாபுரத்தில் இருந்து கடல் பார்க்க வேண்டுமென்றால் எந்தப் பக்கம் போனாலும் ஒரு ராத்திரிப் பயணம். தறிச் சத்தமும் மேட்டூர் அணை நீர்மட்டமும்தான் இந்த ஊரின் தினசரிப் பேச்சு. ஆனாலும் இங்கே பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பையன்களின் போனில் ஓடுவது வேறு உலகம். வெள்ளை மணல், கண்ணாடி மாதிரி தண்ணீர், நடுவில் ஒற்றை டென்ட், பக்கத்தில் நெருப்பு மூட்டி மீன் சுடும் நான்கு பேர். "பெர்மிஷன் எல்லாம் தேவையில்ல ப்ரோ, போட்காரர்கிட்ட பேசினா போதும்" என்கிறது பின்னணிக் குரல்.

அடுத்த வீக்கெண்டுக்கு பிளான் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டுக் கரையோரம் இருக்கும் மன்னார் வளைகுடாத் தீவுகளில் இஷ்டத்துக்குப் போய் இரவு தங்க முடியாது. போனால் அது குற்றம்.

இந்தத் தடை சரியா? சரிதான். ஆனால் தடை போட்டதோடு வேலை முடிந்தது என்று அரசு உட்கார்ந்துகொள்வது சரியா? இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நம்ம பக்கத்தில் என்ன தீவுகள் இருக்கு?

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக உள்ளன. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு தொகுதிகளாக இவற்றைப் பிரிக்கிறார்கள். எல்லாமே சின்னச் சின்னத் தீவுகள். சுற்றிலும் பவளப்பாறை, கடல் புல், அதை மேய வரும் கடற்பசு, முட்டையிட வரும் ஆமைகள்.

1986-ல் இந்தத் தீவுகளும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலும் சேர்த்து, சுமார் 560 சதுர கிலோமீட்டர், கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989-ல் இதை உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதாவது இந்தத் தீவில் கால் வைப்பதும் முதுமலை நடுக்காட்டில் கால் வைப்பதும் சட்டத்தின் பார்வையில் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதுமலைக்குள் டென்ட் தூக்கிக்கொண்டு யாரும் நுழைவதில்லை. கடலுக்கு வேலி கண்ணுக்குத் தெரியாது என்பதால் இங்கே மட்டும் அந்தப் பயம் வருவதில்லை.

பிடிபட்டால் என்ன ஆகும்?

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்குப் பொருந்தும். தேசியப் பூங்காவுக்குள் நுழையவும் தங்கவும் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். உள்ளே தீ மூட்டவும் தடை உண்டு. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகுதான் அபராதம் இவ்வளவு ஏறியது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: ஞாபகத்துக்கு என்று ஒரு பவளத்துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் குற்றமே. பவளம், கடல் அட்டை, சில வகைச் சங்குகள் எல்லாம் புலி, யானை இருக்கும் அதே பாதுகாப்புப் பட்டியலில் வருகின்றன.

இதில் முதலில் மாட்டுவது யார்? போட்டோவில் இருப்பவர் இல்லை. படகு ஓட்டியவர். அவருடைய படகு பறிமுதல் ஆகும், தொழில் நிற்கும். டென்ட் போட்டவர்கள் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். அவர் கோர்ட்டுக்கு அலைவார்.

ஒரு டென்ட்டால் தீவு என்ன கெட்டுவிடும்?

நியாயமான கேள்விதான். நாலு பேர் ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் தீவு கரைந்தா போய்விடும்?

கரைந்துகொண்டுதான் இருக்கிறது. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிப் பக்கம் உள்ள காரியசல்லித் தீவு 1969-ல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. இப்போது மிஞ்சியிருப்பது 3 ஹெக்டேர் அளவு. வான் தீவும் அதே கதைதான். அதைக் காப்பாற்ற 2015 முதல் கடலுக்கு அடியில் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று.

ஏன் இப்படி? சுண்ணாம்புக்கும் சிமென்ட்டுக்கும் என்று பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற அரண் போனது. பிறகு அலை நேராக மணலைத் தின்ன ஆரம்பித்தது. கடல் சூடேறுவதும் நீர்மட்டம் உயர்வதும் மிச்ச வேலையைச் செய்கின்றன.

இப்படி மெலிந்துபோன தீவில் மணலைப் பிடித்து நிற்பது கரையோரச் செடிகொடிகளும் புதர்களும்தான். டென்ட் போட இடம் சுத்தம் செய்வது என்றால் முதலில் போவது அவை. நெருப்புக்கு விறகு என்று எடுப்பதும் அவற்றைத்தான். இருட்டில் எரியும் லைட்டைக் கண்டால் முட்டையிட வரும் ஆமை கரையேறாமல் திரும்பிவிடும். பொரிந்த குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு வெளிச்சத்தின் பக்கம் ஊர்ந்து போகும். தண்ணீர் குறைவான இடத்தில் படகை இழுத்தால் அடியில் இருக்கும் பவளம் நொறுங்கும். அது மறுபடி வளர்வது வருடக்கணக்கான வேலை.

ஒரு டென்ட் வந்தால் பரவாயில்லை என்று வாதிடலாம். ஒரு ரீல்ஸ் ஹிட் ஆன பிறகு ஒரு டென்ட்டோடு நிற்காது என்பது ஏற்காட்டுச் சாலையை ஞாயிற்றுக்கிழமை பார்த்த சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உள்ளூர்க்காரருக்குத் தடை, வெளியூர்க்காரருக்கு விலக்கா?

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்கள் பல தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றி மூழ்கி கடல்பாசி எடுத்துப் பிழைத்தவர்கள். தேசியப் பூங்கா விதிகள் இறுகியபோது அவர்கள் தீவுப் பக்கம் போவதே சிக்கலாகிவிட்டது. வனத்துறையோடு வருடக்கணக்கில் பேசினார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். இந்தப் பெண்களை ஒன்றுதிரட்டிய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-ல் சர்வதேச சீகாலஜி விருது கிடைத்தது.

வயிற்றுப்பாட்டுக்குப் போனவர்களே இவ்வளவு கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டு நிற்கிறார்கள். பொழுதுபோக்குக்குப் போகிறவர்களுக்கு மட்டும் தனி விலக்கு கேட்டால் அது எப்படி நியாயம்? தீவைத் தடை செய்யும்போது உள்ளூர் மக்களிடம் "இயற்கையைக் காப்பாற்றத்தான்" என்று சொன்ன அரசு, நாளை சுற்றுலாவுக்கு என்று அதே தீவைத் திறந்தால் அந்த வார்த்தைக்கு மதிப்பு இருக்காது.

சரி, சட்டத்தை விடுங்க. உடம்பு தாங்குமா?

காட்டு கேம்பிங்கில் முதல் கணக்கு தண்ணீர்க் கணக்கு. கடற்கரை வெயிலில் குடிக்க, சமைக்க எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர், மூன்று நாள் என்றால் 60 லிட்டர். அதாவது மூன்று கேன், 60 கிலோ சுமை. காற்று மாறி படகு வர ஒரு நாள் தாமதமானால் இன்னொரு கேன். அரிசி, அடுப்பு, டென்ட் எல்லாம் இதற்கு மேல்.

மலையில் டிரெக்கிங் போகிறவர்களுக்கு வழியில் ஓடையாவது இருக்கும். தீவில் சுற்றிலும் இருப்பது உப்புத் தண்ணீர். வேம்பார்த் தொகுதியில் ஒரு தீவுக்கு 'நல்லதண்ணித் தீவு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல தண்ணீர் கிடைப்பதே பெயர் வைக்கும் அளவுக்கு அபூர்வம் என்றால் மற்ற தீவுகளின் நிலையைப் புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணைப் பக்கம் அதே நிலை. காலையில் குளம் மாதிரி கிடந்த கடல் மாலையில் படகைக் கிட்டே விடாது. தீவுகள் கடல் மட்டத்தில் இருந்து அதிக உயரம் இல்லாதவை. ராத்திரி பெரிய அலை அடித்தால் ஏறி நிற்க மேடு கிடையாது. கல்மீனையோ முள்ளெலி போன்ற கடல் முள்ளியையோ மிதித்துவிட்டால் ஆஸ்பத்திரி கடலுக்கு அந்தப் பக்கம்.

அந்தமானுக்குப் போனா?

அங்கேயும் "எங்க வேணா தங்கலாம்" என்பது உண்மை இல்லை. நூற்றுக்கணக்கான தீவுகளும் திட்டுகளும் இருந்தாலும் மக்கள் வாழ்வது முப்பத்துச் சொச்சத்தில்தான். மீதியில் பெரும்பகுதி வனம், கடல்சார் பூங்கா அல்லது பழங்குடியினர் காப்பகம். சுற்றுலாவுக்குத் திறந்திருக்கும் ஆளில்லாத் தீவுகளுக்குப் பகலில் போய்ப் பகலிலேயே திரும்புவதுதான் நடைமுறை.

முதலையும் உண்டு. 2010-ல் ஹேவ்லாக் தீவில், இப்போதைய பெயர் ஸ்வராஜ் தீவு, கடலில் இருந்த அமெரிக்கச் சுற்றுலாப் பயணி ஒருவர் உப்புநீர் முதலை தாக்கி இறந்தார்.

'ஆளில்லாத் தீவு' என்று வெளியாட்கள் நினைக்கும் இடத்தில் ஆள் இருக்கலாம் என்பதற்கு வடக்கு சென்டினல் தீவு உதாரணம். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி அங்கே போவது குற்றம். 2006-ல் படகு மிதந்து கரை ஒதுங்கியதில் இரண்டு மீனவர்கள் கொல்லப்பட்டார்கள். 2018 நவம்பரில் மதம் பரப்பப் போன அமெரிக்க இளைஞர் ஜான் ஆலன் சாவ் இறந்தார். பணம் வாங்கிக்கொண்டு அவரை அழைத்துப் போன மீனவர்கள் கைதானார்கள். 2025 மார்ச்சில் இன்னொரு அமெரிக்கர், 24 வயது, காற்றடைத்த படகில் போய் இறங்கி, தேங்காயும் ஒரு கோலா டின்னும் வைத்துவிட்டு வந்து கைதானார்.

இவர்களுக்கு நேர்ந்ததை விட அந்தத் தீவு மக்களுக்கு நேர்ந்திருக்கக்கூடியது பெரிது. வெளியுலக நோய்கள் எதற்கும் எதிர்ப்பு சக்தி இல்லாத சமூகம் அது. நமக்குச் சாதாரண சளியாக இருப்பது அங்கே ஊரையே காலி செய்யும்.

லட்சத்தீவு வேறு மாதிரி. அங்கே போக வெளியூர் இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். ஆனால் பங்காரம், தின்னக்கரை தீவுகளில் முறைப்படியான கூடாரத் தங்கல் வசதி இருக்கிறது. தீவில் டென்ட்டில் படுக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் சட்டப்படி இதுவே நேர் வழி. செலவுதான் ஜாஸ்தி.

கச்சத்தீவில் மட்டும் எப்படி தங்குறாங்க?

ஆளில்லாத தீவில், குடிநீர் இல்லாத இடத்தில், ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஓர் இரவு தங்கிவிட்டு வருவது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழா.

285 ஏக்கர் தீவு. யாரும் நிரந்தரமாக வசிப்பதில்லை. 1974 ஒப்பந்தப்படி இலங்கையின் எல்லைக்குள் போனாலும், இந்திய பக்தர்கள் விசா, பயண ஆவணம் இல்லாமல் வந்துபோகலாம் என்று அதன் 5-வது பிரிவு சொல்கிறது. பிப்ரவரி அல்லது மார்ச்சில் இரண்டு நாள் விழா. இராமேசுவரத்தில் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். எந்தப் படகில் யார் போகிறார்கள் என்று பட்டியல் இருக்கும். கரையில் சோதனை நடக்கும், கடலோரக் காவல் படை கண்காணிக்கும். அந்தப் பக்கம் யாழ்ப்பாண நிர்வாகமும் இலங்கைக் கடற்படையும் தண்ணீர், உணவு, கழிப்பறை ஏற்பாடுகளைப் பார்த்துக்கொள்ளும். குடும்பம் குடும்பமாகப் போய், மரத்தடியிலும் தார்ப்பாய்க்குக் கீழும் படுத்து, மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் திரும்பிவிடுவார்கள்.

அது பக்தர்களின் விழா; பிக்னிக் கிடையாது. 2024-ல் மீனவர் கைதுகளைக் கண்டித்து இராமேசுவரம் மீனவர்கள் விழாவையே புறக்கணித்தார்கள் என்றால் அதில் எவ்வளவு உணர்ச்சி கலந்திருக்கிறது என்று புரியும். பேக்பேக் மாட்டிக்கொண்டு வீடியோ எடுக்கப் போகும் இடமல்ல அது.

ஆனால் அதில் பாடம் இருக்கிறது. தேதி, ஆள் கணக்கு, படகு, தண்ணீர், திரும்பும் நேரம், பொறுப்பேற்கும் அதிகாரி என எல்லாம் எழுத்தில் இருந்தால் குழந்தைகளோடு போனவர்கள்கூட ஒரு ராத்திரி தங்கிவிட்டு வர முடிகிறது.

குரங்கணிக்குப் பிறகு மலையில் நடந்தது கடலில் ஏன் நடக்கவில்லை?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் டிரெக்கிங் குழுவினர் சிக்கினார்கள். சென்னையில் இருந்து ஒரு குழு. இன்னொன்று நம் பக்கத்து ஈரோடு, திருப்பூர்க்காரர்கள். 23 பேர் இறந்தார்கள். முறையான அனுமதி இல்லாத பாதை, தீப்பிடிக்கும் பருவம். எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூடப் பலருக்குத் தெரியவில்லை.

அப்போதும் முதலில் வந்தது தடைதான். ஆனால் அதோடு நிற்கவில்லை. அந்த ஆண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. சேலம் உட்பட 14 மாவட்டங்களில் 40 பாதைகள். ஆன்லைனில் பதிவு, எளிது, நடுத்தரம், கடினம் என்ற பிரிவு, கூடவே வரும் பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள். காட்டுத் தீ பருவத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். மலைக்குப் போக ஆசைப்படும் ஒரு பையனுக்கு இன்று திருட்டுத்தனமாகப் போக வேண்டிய அவசியம் இல்லை.

கடலோரத்தில்? குருசடைத் தீவுப் பக்கம் படகுச் சவாரி, காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் கயாக் என்று வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலா நன்றாகவே இருக்கிறது. ஆனால் எல்லாம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சேலத்தில் இருந்தோ நாமக்கல்லில் இருந்தோ ராத்திரி முழுக்க பஸ்ஸில் வரும் ஒருவருக்கு, கடலோரத்தில் ஒரு இரவைச் சட்டப்படி, கட்டுப்படியாகும் விலையில் டென்ட்டில் கழிக்க முறையான ஏற்பாடு போதவில்லை. அந்த இடைவெளியில்தான் "போட்காரர்கிட்ட பேசினா போதும்" ஆட்கள் நுழைகிறார்கள்.

தீவைத் திறக்க வேண்டியதில்லை. திறக்கவும் கூடாது. தீவுக்கு எதிரே இருக்கும் கரையில், மீனவக் கிராமங்களை ஒட்டி, கூடாரத் தங்கலை அரசு நடத்தலாம். பகலில் வனத்துறைப் படகில் தீவைச் சுற்றிக் காட்டலாம், ராத்திரி கரையில் தங்கவைக்கலாம். சமைப்பது, வழிகாட்டுவது, படகு ஓட்டுவது எல்லாம் உள்ளூர் மக்கள் கையில் இருக்க வேண்டும். குறிப்பாக, தீவை இழந்த பாசி எடுக்கும் பெண்களுக்கு அதில் முதல் பங்கு தர வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையை முன்பே அறிவித்துவிட வேண்டும். மலையில் செய்து காட்டியதைக் கரையில் செய்வதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

போகணும்னு முடிவு பண்ணிட்டீங்களா? இதைச் செய்யுங்க

- முதல் பேக்பேக்கிங் தீவில் வேண்டாம். மலையில் பழகுங்கள். ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் சேலம் மாவட்டப் பாதையில் இருந்தே தொடங்கலாம். 10 கிலோ பையோடு நாலு மணி நேரம் ஏறிப் பார்த்தால் எது தேவை, எது சுமை என்று தெரிந்துவிடும்.
- அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். "நான் பார்த்துக்கறேன் தம்பி" என்ற வாய் வார்த்தை செல்லாது.
- லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறாதீர்கள். நீச்சல் தெரியும் என்பது பதில் ஆகாது. மேட்டூர் வாய்க்கால் வேறு, கடல் வேறு.
- இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பாருங்கள். மீனவர்கள் கடலுக்குப் போகாத நாளில் நீங்களும் போகக் கூடாது.
- எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். இந்த நேரம் தாண்டினால் யாருக்குப் போன் போட வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.
- கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல் படை 1554. தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.
- கொண்டுபோன எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து எதையும் எடுத்து வராதீர்கள், ஒரு சிப்பியைக்கூட.

தறி ஓட்டி, கம்பெனி வேலை பார்த்து, மாதம் கொஞ்சம் மிச்சம் பிடித்து ஊர் சுற்ற ஆசைப்படும் பையன்களையும் பெண்களையும் "உனக்கெதுக்கு இதெல்லாம்" என்று அதட்டுவதில் பிரயோஜனம் இல்லை. அந்த ஆசை தப்பில்லை. குரங்கணிக்குப் போனவர்களும் அதே ஆசையோடுதான் போனார்கள். மலையில் 23 உயிர் போன பிறகு ஒழுங்கான வழி பிறந்தது. கடலில் அப்படி ஒரு நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.